சீறா கம்பனின் நிழலா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டையில் நாம் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் கற்பித்து வருகிறோம். முன்னர் நம்மிடம் ஓதி, இப்போது கல்லூரியில் தமிழ் பயிலும் இளைஞர் ஒருவர், சென்ற ரபீவுல் அவ்வல் மாதத்தில் வாடிய முகத்தோடு வந்தார். சீறாப்புராணத்தைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசித்தாராம். "இது கம்பனின் நிழல்; நிழலை ஏன் ஆராய்கிறாய்?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்டாராம். அந்நூலையே மாலையில் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றபோது, பெரியவர் ஒருவர், "அரபு நாட்டில் நெல் விளைந்ததாகப் பாடுகிறது; நாயகத்தின் பிறப்பை அவதாரம் என்கிறது. இதை வீட்டில் வைக்கலாமா?" என்று கடிந்தாராம். "ஹஜ்ரத், இந்த நூலை நான் என்ன செய்வது?" என்று அவர் கேட்டபோது, மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்ற பழமொழியே நம் நினைவுக்கு வந்தது.

அவருக்கு அன்று கூறிய மறுமொழியைச் சமுதாயத்தார் அனைவர்க்கும் இன்று கூற விழைகிறோம்.

முதற்கண், நிழல் என்பாரை வினவுவோம். கம்பர் எங்கிருந்து வந்தார்? கதை வான்மீகியினுடையது. விருத்தத்தின் நடையோ, சமண முனிவராகிய திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் பழகியது. சிந்தாமணியிலிருந்து ஓர் அகப்பை முகந்துகொண்டதாகக் கம்பரே ஒப்புக்கொண்டார் என்று ஒரு வழக்கு தமிழ்ப் புலவரிடையே உண்டு. அதனைக் கேட்டுக் கம்பரை எவரும் இகழ்ந்ததில்லை. அவருடைய பெருந்தன்மை என்றே புகழ்ந்தனர். கம்பர் முகந்தால் அகப்பை, உமறு முகந்தால் களவோ?

கோசலத்தைப் பாட வந்த கம்பர், சரயு நதியின் பெயரால் காவிரியையே பாயவிட்டார் என்று கம்பரன்பர்கள் மகிழ்ந்து கூறுவர். வீரமாமுனிவர் தேம்பாவணியில் யூதர்களின் நாட்டைத் தமிழ் மருதமாகவே தீட்டினார். உமறுப் புலவர் நாட்டுப் படலத்தில் மழையையும் ஆற்றையும் வயலையும் பாடினால் மட்டும் புவியியல் நூலைக் கையில் எடுப்பது என்ன நீதி? கேட்போர் கீழக்கரையிலும் பரங்கிப்பேட்டையிலும் இருந்த தமிழர். வளம் என்ற சொல்லுக்கு அவர்கள் கண்ட பொருள் நீரும் நெல்லுமே. அவர்கள் அறிந்த வளத்தைக் கொண்டே, அறியாத நாட்டின் பெருமையைப் புலவர் உணர்த்தினார்.

தமிழிலக்கணம் இதற்கு அன்றே இடம் வகுத்துள்ளது. நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என வகுக்கும் நன்னூலார், முன்னோர் வழியைத் தழுவினும் தமக்கென ஒரு வேறுபாடு காட்டுவோரைக் குறை கூறினாரல்லர். ஆகவே கேட்கவேண்டிய வினா, "யாரிடமிருந்து பெற்றார்?" என்பதன்று, "பெற்றதை என்ன செய்தார்?" என்பதே. எங்கள் பகுதி வார்ப்படப் பட்டறைகளில் ஒரே அச்சில் பல உலோகங்களை வார்க்கிறார்கள். அச்சைப் பார்த்து எவரும் பொருளுக்கு விலை சொல்வதில்லை.

எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்ற உமறு, காண்டம், படலம், விருத்தம் ஆகிய அச்சுகளைப் பெற்றுக்கொண்டார். அவற்றில் எதனை வார்த்தார்? இராமகாதையின் காண்டங்கள் பெரும்பாலும் பருவத்தாலும் இடத்தாலும் பெயர் பெற்றவை. உமறு தம் மூன்று காண்டங்களுக்கும் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று பெயரிட்டார். பிறப்பு, நபித்துவம், நாடு துறத்தல் என்ற இம்மூன்றும் ஒரு தூதரின் வாழ்வுப் படிகள். நூற்பெயரிலேயே அரபியின் சீறாவும் வடமொழியின் புராணமும் தமிழில் கைகோத்து நிற்கின்றன. 5027 பாடல்களும் இந்தச் சந்திப்பின் விளைவே.

ஓர் எடுத்துக்காட்டை ஊன்றிப் பார்ப்போம். கம்பரின் ஆரணிய காண்டத்தில் ஒரு மான் வருகிறது. அது பொன்மான், பொய்ம்மான். மாரீசனின் வஞ்சனையே மானுருக் கொண்டு வந்து, ஒரு குடும்பத்தைப் பிரிக்கிறது. சீறாவிலும் ஒரு மான் வருகிறது. வேடனிடம் அகப்பட்ட அந்தப் பெண்மான், தன் குட்டிக்குப் பாலூட்டித் திரும்ப விடை வேண்டுகிறது. நாயகம் (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் தன் குட்டியோடு திரும்புகிறது. வேடனின் நெஞ்சு மாறுகிறது. அங்கே மான் பொய்யின் உருவம். இங்கே மான் வாய்மையின் உருவம். அங்கே மானைத் துரத்திச் சென்றதால் துயரம் விளைந்தது. இங்கே மானை நம்பி விட்டதால் நன்மை விளைந்தது.

மானின் வரலாறு அரபு நூல்களில் உள்ளதே. ஆனால் பெண்மானுக்கும் பிணை என்று பெயர், ஈடாக நிற்பதற்கும் பிணை என்று பெயர் என்ற அழகு அரபியில் இல்லை. தமிழில் மட்டுமே உண்டு. "மானுக்குப் பிணை நின்ற படலம்" என்ற தலைப்பைக் கேட்ட தமிழர் செவியில் இரண்டு பொருளும் ஒருங்கே ஒலித்திருக்கும். நிழலுக்கு இத்தகைய குரல் உண்டோ?

இனி, நம் பெரியவரிடம் மரியாதையோடு சில சொற்கள். முன்னோரின் மரபைக் கையாள்வது மார்க்கத்திற்கு முரண் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். மதரஸாவில் நாம் ஓதிய கஃபு இப்னு ஜுஹைர் (ரலி) அவர்களின் "பானத் சுஆத்" எவ்வாறு தொடங்குகிறது? பிரிந்துபோன காதலியை நினைந்து வருந்துவதாகத் தொடங்குகிறது. ஒட்டகையின் வருணனை தொடர்கிறது. இவை அறியாமைக் காலத்துக் கவிஞர்களின் மரபே அன்றோ! அக்கவிதை நாயகத்தின் திருமுன்னர் ஓதப்பட்டது. அவர்கள் அதனை விலக்கவில்லை. தம் மேலாடையைப் போர்த்திச் சிறப்பித்தார்கள் என்றே வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இமாம் பூஸிரி (ரஹ்) அவர்கள் அதே காதற் புலம்பலை எடுத்து, ஏக்கத்தின் திசையை மதீனாவை நோக்கித் திருப்பினார்கள். அதுவே நம் வீடுகளில் ஓதப்படும் புர்தா. இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் அஹ்மத் ஷவ்கி, புர்தாவின் யாப்பிலேயே தம் மறுமொழியைப் பாடினார். நம் கீழக்கரை சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்களோ, வித்ரிய்யாவின் ஒவ்வோர் ஈரடிக்கும் மூன்றடி சேர்த்துத் தக்மீஸ் இயற்றினார்கள். முன்னவரின் அடியும் பின்னவரின் அடியும் ஒரே பாட்டில் தோளோடு தோள் நிற்கும் வகை அது. அரபியில் இதனைப் புலமை என்று போற்றும் நாம், தமிழில் மட்டும் பிழை என்பது எங்ஙனம்?

அவதாரம் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. இறைவன் மனிதனாய் இறங்கினான் என்ற பொருளில் உமறு அதனை ஆளவில்லை. பிறப்பு என்ற பொருளில் ஆண்டார். கடவுள் வாழ்த்தில் உருவற்ற ஒருவனையே போற்றிய புலவர் அவர். பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் ஏற்றுதல் புலவர் தொழில். தொழுகை, நோன்பு என்னும் சொற்களும் இஸ்லாத்திற்கு முன்னரே தமிழில் இருந்தவை அல்லவா?

உமறு தனி ஒருவரும் அல்லர். காயல்பட்டினம் காசிம் புலவர் அருணகிரியாரின் சந்தத்தில் நாயகத்திற்குத் திருப்புகழ் பாடினார். குணங்குடி மஸ்தான் சாகிபு தாயுமானவர் கையாண்ட கண்ணியை ஏற்று, அதில் ஞானியின் வேட்கையை ஊற்றினார். இவர்களை நீக்கிவிட்டால் தமிழ் முஸ்லிமின் இலக்கியத்தில் எஞ்சுவது என்ன?

எனினும் ஒன்றை ஒளிக்கமாட்டோம். சீறாவிலும் வருணனை நீண்டு சோர்வு தரும் இடங்கள் உண்டு. பிற்காலத்தில் எழுந்த காப்பியங்களுள் சில, அச்சை மட்டும் வைத்துக்கொண்டு உலோகத்தை மறந்தவை. இக்காலத்தும், முன்னோர் சொற்றொடர்களைக் கோத்து, அதுவே கவிதை என மேடையேறுவோர் உளர். நிழல் என்ற சொல்லை அவர்களுக்காகச் சேமித்து வைக்கலாம்.

நம் குற்றமோ இவ்விரு சாராரின் குற்றத்தினும் பெரிது. ஓலையில் கிடந்த சீறாவை 1842-இல் செய்கப்துல் காதிறு நெயினார் லெப்பை ஆலிம் அரிதின் முயன்று அச்சேற்றினார். கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் உரை வரைந்தார். நாமோ மீலாது மேடையில் உமறுவின் பெயரைக் கூறிக் கைதட்டிவிட்டு, நூலை அலமாரியில் பூட்டி வைக்கிறோம். படிக்காத நூலுக்காக வாதாடுவோரை எவர் மதிப்பார்?

ஆகவே, அந்த இளைஞருக்குக் கூறியதையே கூறி முடிக்கிறோம். இவ்வாரம் இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளை அமர்த்தி, மானுக்குப் பிணை நின்ற படலத்தை உரக்கப் படியுங்கள். அடுத்த வாரம் கம்பரின் மாரீசன் வதைப் படலத்தைப் படியுங்கள். அஞ்ச வேண்டா, உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் வாழ்நாளெல்லாம் கம்பரைக் கற்றவர். அதனால் அவர் ஈமானுக்கு ஊறு நேர்ந்ததில்லை. இரண்டு மான்களையும் அருகருகே கண்ட பிள்ளை, எது நிழல், எது உயிர் என்பதைத் தானே கூறும்.

அந்த அறிவையும் துணிவையும் நம் மக்களுக்கு வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.