கதவுக்குக் கீழே ஒரு தகடு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பட்டறையில் விட்டிருப்பதாக யாராவது சொன்னால், கதவுக்குக் கீழே தகடு எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். அவர்கள் அதற்குள் பெயின்ட் நிறத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியிருப்பார்கள். நிறத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரைப் பாருங்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தயாரான, இருவர் மட்டும் உட்காரும் திறந்த கார். வடிவம் தந்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிகெலோட்டி. சென்னையின் பழைய தலைமுறைக்கு இந்தக் காரில் பாதி ஏற்கெனவே தெரியும். நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்த ஹெரால்டும் இதுவும் ஒரே குடும்பம். ஹெரால்டின் சேஸிஸைக் குட்டையாக்கித்தான் ஸ்பிட்ஃபயரைக் கட்டினார்கள். இரண்டிலும் பானெட் முழுதாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். மெக்கானிக் முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் வந்ததற்கு வியாபார நெருக்கடிதான் காரணம். பாடி செய்து தரும் ஃபிஷர் அண்ட் லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கார் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து தர ஆள் கிடைக்காமல், துண்டு துண்டாகச் செய்து சேஸிஸ் மேல் போல்ட் போட்டுச் சேர்த்தார்கள்.

ஸ்பிட்ஃபயரில் ஒரு வித்தியாசம். ஹெரால்டு சேஸிஸின் இருபுறமும் ஓடிய வெளிச்சட்டங்களை எடுத்துவிட்டார்கள். அவை தாங்கிய பாரத்தைக் கதவுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டித் தகடு சுமக்கிறது. தாங்கிப் பிடிக்க மேலே கூரையும் கிடையாது. இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலை உறையாமலிருக்க உப்பு தூவுவார்கள். உப்புத் தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் தங்கி, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் கொப்புளம் கட்டும்போது உள்ளே தகடு அப்பளமாக நொறுங்கும்.

இந்த இடத்தில்தான் பட்டறையின் தரம் தெரியும். அவசரக்காரர்கள் துருவின் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஒரு வருடம் தாங்கலாம். பொறுப்புள்ள டிங்கர் வெட்டுவதற்கு முன் சேஸிஸைச் சமமாகத் தாங்கு கொடுத்து நிறுத்துவார். கதவு இருந்த வாசலின் குறுக்கே இரும்புக் குழாயை வைத்துப் பற்றவைப்பார். இல்லாவிட்டால் தகட்டை வெட்டியதுமே பாடி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு என்ன செய்தாலும் கதவு சரியாகச் சாத்தாது. ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். சூட்டில் தகடு முறுக்கிக்கொள்ளும் என்பதால் இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று தள்ளித் தள்ளித்தான் பற்றவைக்க வேண்டும். நடுநடுவே கதவை மாட்டி இடைவெளி பார்க்க வேண்டும். வேலை முடிந்தால் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் கூலியில் பெரும்பங்கு இதற்குத்தான் போக வேண்டும்.

காரை நம் விருப்பத்துக்கு மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். அசல் அசல் என்று பிடிவாதம் பிடிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். தொடக்ககால ஸ்பிட்ஃபயரின் பின்சக்கரங்கள், வேகமான வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விட்டால் உள்பக்கம் மடங்கப் பார்க்கும். வண்டி பின்பக்கம் வழுக்கும். 1970இல் வந்த மார்க் 4 மாடலில் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கை மாற்றி கம்பெனியே இதை அடக்கியது. அந்த ஏற்பாட்டைப் பழைய வண்டிக்கும் போடுவதில் என்ன தப்பு? டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போடுவதும் அப்படித்தான். வேண்டாமென்றால் கழற்றிவிடலாம்.

அகல டயர் போடுவதற்காகச் சக்கர வளைவை வெட்டி விரிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மிகெலோட்டி இழுத்த கோட்டை வெட்டிய பிறகு எந்த போல்ட்டும் திருப்பிக் கொண்டுவராது. பெரிதாக மாற்றிய வண்டி பழைய பதிவு எண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று பார்க்க, பிரிட்டன் அரசு பல ஆண்டுகள் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. சேஸிஸுக்கு 5; சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங்குக்குத் தலா 2; இன்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 8 தேறினால் எண் தங்கும். இன்ஜினையே எல்லாமாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம்.

வீட்டில் தார்ப்பாய்க்கடியில் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டியில் வெளிச்சட்டங்கள் சேஸிஸிலேயே இருக்கின்றன. கதவுக்குக் கீழுள்ள தகடு போல்ட்டில் மாட்டியதுதான், பாரம் தாங்குவதில்லை. முன்பக்க சஸ்பென்ஷன் உட்பட ஸ்பிட்ஃபயரோடு பொதுவான பாகங்கள் பல இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்யப்படுகின்றன. பாடியைக் கழற்றித் தூக்கி வைக்க நாலைந்து பேரும், நிதானமான ஒரு டிங்கரும் இருந்தால், தெருமுனைப் பட்டறையிலேயே தொடங்கிவிடலாம்.