சித்த சுயாதீனமும் 303ஆம் பிரிவும்

கொட்டாஞ்சேனையின் வரலாற்றில் 1883ஆம் ஆண்டு ஒரு கலவரத்தின் ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மீகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே மோதல் மூண்டு இரத்தம் சிந்தப்பட்டது. அதே ஆண்டில் பிரித்தானிய ஆட்சியாளர் இந்நாட்டுக்குத் தண்டனைச் சட்டக்கோவை ஒன்றை இயற்றினர். கலவரம் சில நாட்களில் அடங்கிவிட்டது. சட்டக்கோவையின் 303ஆம் பிரிவோ தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள்மீது ஆட்சி செலுத்தி வந்திருக்கிறது.

இவ்விரண்டையும் இணைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. கடவுளின் இயல்பு யாது, மனிதனின் விருப்பம் எம்மட்டும் சுதந்திரமுடையது என்னும் வினாக்கள் கொழும்புக்குப் புதியவை அல்ல. 1873ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாணந்துறையில் அதே குணானந்த தேரர் கிறிஸ்தவப் போதகர்களோடு பெரும் வாதம் புரிந்தார். மனிதனைப் படைத்ததற்காகக் கடவுள் மனம் வருந்தினார் என்னும் விவிலியச் செய்தியைச் சுட்டி, முற்றும் அறிந்த ஒருவர் தம் செயலுக்கு வருந்துவது எங்ஙனம் என அவர் வினவினார். இத்தகைய வினாக்களுக்குக் கிறிஸ்தவ அறிஞர் நெடுங்காலமாகக் கூறிவரும் விடை ஒன்றே. கடவுள் மனிதனைப் பாவைக்கூத்தின் பொம்மையாகப் படைக்கவில்லை. நன்மையையும் தீமையையும் தெரிவு செய்யும் சித்த சுயாதீனத்தை அவனுக்கு அளித்தார். கட்டாயத்தால் பிறக்கும் அன்பு அன்பன்று என்பதே அவ்விடை. ஆபிரிக்க ஆயரான புனித அகுஸ்தீன் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இப்பொருள்பற்றித் தனி நூல் யாத்தார்.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், மற்றுமோர் உயிர்த்த ஞாயிறில், கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், தலைநகரின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடவுள் எங்கே இருந்தார் என்று அன்று பலரும் கேட்டனர். அதற்கும் அளிக்கப்பட்ட விடை இதுவே. கொலைஞனின் கையையும் கடவுள் பலவந்தமாகப் பிடித்து நிறுத்துவதில்லை. ஏனெனில் விருப்பத்தைப் பறித்தால் மனிதத் தன்மையையே பறித்ததாகும். இவ்விடை எல்லோரையும் ஆற்றுவதாகாது. எனினும் அதில் பெருமை உண்டு. மனித சித்தத்தைக் கடவுளே மதிக்கிறார் என்னும் கொள்கை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

அக்கொள்கையை ஏந்தி நிற்போர் 303ஆம் பிரிவைப்பற்றி யாது கூறுவர் என்பதே நம் வினா.

தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றி வேறெக்காரணத்தாலும் கருவைக் கலைப்பது குற்றம் என்கிறது அப்பிரிவு. தண்டனை மூன்றாண்டு வரை சிறை. கருவில் அசைவு தோன்றியபின் ஏழாண்டு வரை. கலைத்தவர் மட்டுமன்று, தன் கருவைத் தானே கலைத்த பெண்ணும் குற்றவாளியே. வன்புணர்ச்சியால் கருவுற்றவளுக்கும் விலக்கு இல்லை. 1995இல் இதனைத் தளர்த்தக் கொண்டுவரப்பட்ட பிரேரணை பாராளுமன்றத்தில் எழுந்த எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017இல் நீதியரசர் அலுவிகாரை தலைமையிலான குழு, வன்புணர்ச்சியால் உண்டான கருவும் கடுங்குறையுற்ற கருவும் போன்றவற்றுக்கு விலக்கு அளிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தனர், அம்முயற்சியும் சட்டமாகவில்லை.

ஆயர் பெருமக்களின் வாதத்தை இலேசாகத் தள்ளுவதற்கில்லை. சித்த சுயாதீனம் உண்டு என்பதால் கொலை செய்ய உரிமை உண்டாகுமா என அவர்கள் கேட்பர். உண்டாகாது என்பதே நேர்மையான விடை. பிறருக்குத் தீங்கிழைக்கும் விருப்பத்தைச் சட்டம் தடுத்தே ஆகவேண்டும். பெண்ணின் உடல், பெண்ணின் விருப்பம் என்று ஒரு வரியில் இவ்வழக்கை முடிப்போர் கருவென்னும் உயிரைக் கணக்கில் எடாது விடுகின்றனர். நாம் அவ்வாறு கூறவில்லை.

ஆனால் 303ஆம் பிரிவே கருக்கலைப்பைக் கொலையாகக் கருதவில்லை என்பதை நோக்குக. கொலைக்கு மரண தண்டனை விதித்த அதே சட்டக்கோவை இதற்கு மூன்றாண்டு என்றது. அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என வேறுபாடும் வகுத்தது. திருச்சபையின் வரலாற்றிலும் இத்தகைய வேறுபாடு இருந்தது. உடல் உருப்பெற்ற பின்னரே பகுத்தறிவுடைய ஆன்மா கருவிற் புகுகிறது எனப் புனித தோமஸ் அக்குவைனாஸ் கருதினார். கருக்கலைப்பை அவரும் பாவம் என்றே கொண்டார்; ஆயினும் எல்லா நிலையிலும் ஒரே அளவான பாவம் என்று கொள்ளவில்லை. திருச்சபைத் தண்டனையில் இவ்வேறுபாட்டை முற்றாக நீக்கியவர் 1869இல் ஒன்பதாம் பத்திநாதர் பாப்பரசரே. அறிஞர்களும் ஞானியரும் நூற்றாண்டுகளாகத் தர்க்கித்த ஒரு பொருளை ஒரு நீதவான் சிறைத்தண்டனையால் தீர்த்துவிட முடியுமா?

வழக்கின் உயிர்நிலைக்கு வருவோம். பாவத்துக்குப் பொறுப்பு உண்டாவது விருப்பத்தினால் என்பது திருச்சபையின் போதனை. விருப்பமின்றி நிகழ்ந்ததற்கு ஒருவரும் பொறுப்பாளி அல்லர். வன்புணர்ச்சிக்கு ஆளானவளின் விருப்பம் ஒருமுறை மிதிக்கப்பட்டது. மிதித்தவன் ஒரு கொடியவன். அவ்வாறு மிதிக்கப்பட்டவளை நோக்கி, நீ விரும்பினும் விரும்பாவிடினும் ஒன்பது மாதம் சுமந்தே தீரவேண்டும், மறுப்பாயாகில் சிறை என்று கூறும் போது இரண்டாம் முறையாக அவள் விருப்பத்தை மிதிப்பது அரசு.

இதிலும் பெரிய முரண்பாடு ஒன்று உண்டு. 1995இல் கருக்கலைப்புப் பிரேரணையைக் கைவிட்ட அதே பாராளுமன்றம், பதினாறு வயதுக்கு உட்பட்ட சிறுமியுடன் கூடுவது, அவள் சம்மதித்தாலும், வன்புணர்ச்சியே என வகுத்தது. நல்ல சட்டம். சம்மதிக்கும் அளவுக்கு அவள் சித்தம் முதிரவில்லை என்பது அதன் கருத்து. சம்மதிக்க முதிராதவள் தாயாக மட்டும் முதிர்ந்துவிட்டாளா?

தந்தை செய்த பாவத்துக்குக் குழந்தை மாள்வது நியாயமோ என்பர். இதுவே எதிர்த்தரப்பின் மிக வலிய வாதம். கேட்போர் நெஞ்சைத் தொடுவது. குழந்தை குற்றமற்றதே. அக்கொடுமைக்குப் பின்னும் கருவைச் சுமந்து பெற்று வளர்க்கும் தாய் வீராங்கனை என்பதில் ஐயமில்லை. ஆனால் வீரத்தைச் சட்டம் கட்டளையிட இயலாது. சிறுநீரகம் பழுதுற்று மாளுந் தறுவாயிலுள்ள தன் மகனுக்குத் தன் சிறுநீரகத்தில் ஒன்றை ஈந்தே தீரவேண்டும் என எந்தத் தந்தையையும் நம் சட்டம் வற்புறுத்துவதில்லை. ஈந்தால் போற்றுகிறோம், ஈயாவிடில் சிறையிடுவதில்லை. ஆண்மகனிடம் கேளாத தியாகத்தைக் கற்பழிக்கப்பட்ட சிறுமியிடம் மட்டும் கேட்பது எந்நீதி?

குறையுற்ற கரு என்னும் இரண்டாம் விலக்கைப் பொறுத்தவரை ஆயர்களின் அச்சம் நியாயமானதே. ஊனமுற்றோர் வாழத் தகுதியற்றோர் என்னும் எண்ணத்துக்குச் சட்டம் சிறிதும் இடங்கொடுத்தலாகாது. கருப்பைக்கு வெளியே உயிர் தரிக்க இயலாது என மருத்துவர் உறுதிப்படுத்தும் கருவோடு அவ்விலக்கு நின்றுவிட வேண்டும். அதனை அவ்வாறு வரையறுத்து எழுதுவது முயன்றால் முடியாத காரியமன்று.

தடையினால் கருக்கலைப்பு நின்றுவிட்டதா? பணம் உடையோருக்கு விமானம் உண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்தியாவில் 1971 முதல் வேறு சட்டம் நிலவுகிறது. வெள்ளவத்தையின் மாடிவீட்டுக்குக் கிட்டும் வழி கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய சந்து வீட்டுக்கும் மலைநாட்டு லயத்துக்கும் கிட்டுவதில்லை. ஏழைப்பெண் போலி வைத்தியன் கையில் அகப்பட்டுக் குருதி சிந்துகிறாள். வைத்தியசாலைக்குச் செல்லவும் சட்டத்துக்கு அஞ்சுகிறாள்.

கத்தோலிக்கம் வேரூன்றிய அயர்லாந்து 1983இல் தன் அரசியலமைப்பிலேயே இத்தகைய தடையைப் பொறித்தது. 2018இல் மூன்றில் இரண்டு பங்கினர் வாக்களித்து அதனை நீக்கினர். இப்பாவத்துக்கு மன்னிப்பு அளிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் 2016இல் நிலையாக வழங்கியவர் பாப்பரசர் பிரான்சிஸ். பாவம் பாவமே என்று அவர் சொன்னார். ஆயினும் கதவைத் திறந்தார். 303ஆம் பிரிவில் மன்னிப்புக்கு இடமில்லை.

ஆகவே நம் கோரிக்கை இது. ஆயர்கள் போதிக்கட்டும், கருவுற்று அலைவோருக்கு இல்லங்களை நிறுவட்டும், தத்துக்கொடுக்கும் வழிகளை எளிதாக்கட்டும், மனச்சாட்சியோடு வாதாடட்டும். அது அவர்கள் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும். சிறைச்சாலையின் திறவுகோலை மட்டும் இக்காரியத்தில் அவர்கள் கேளாதிருக்கட்டும். போர்க்காலத்தில் நம் பெண்கள் பட்ட கொடுமைகளை உலகமன்றங்களில் எடுத்துரைக்கும் தமிழ்ப் பிரதிநிதிகள், அதே கொடுமைக்கு ஆளானவளைக் குற்றவாளியாக்கும் பிரிவைப்பற்றிப் பாராளுமன்றத்தில் வாய் திறக்க வேண்டும். மௌனமும் ஒரு தெரிவே. அதற்கும் பொறுப்பு உண்டு.

கொலைஞனின் சித்தத்தையும் பறிக்காத கடவுள், கொடுமைக்கு ஆளானவளின் சித்தத்தைப் பறிக்கும்படி அரசுக்கு ஆணையிட்டார் என நம்ப நமக்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை.