மருத்துவமனையில் மொழிபெயர்ப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனை. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரைச் சேர்ப்பதற்காக அவசர சிகிச்சைப் பிரிவில் காத்திருந்தோம். அப்போது ஒரு நூற்பாலைப் பெண்ணை அழைத்து வந்தார்கள். வயது இருபதைத் தாண்டியிருக்காது. வலது கையில் துணி சுற்றியிருந்தது, இரண்டு விரல் நுனிகள் நசுங்கியிருந்தன. ஒடிசாவின் ராயகடா பக்கத்துப் பெண் என்றார்கள். அவர் பேசியது அங்கே யாருக்கும் புரியவில்லை. கூட வந்த விடுதி வார்டன்தான் அவருக்காகப் பேசினார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார், கதவு இடுக்குல கை மாட்டிக்கிச்சு." மருத்துவர் அதையே விபத்துப் பதிவேட்டில் எழுதத் தொடங்கினார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் அக்கா நிமிர்ந்து பார்த்தார். அவர் அருந்ததியர், வீட்டில் பேசுவது தெலுங்கு. ராயகடா, கஜபதி, கோராபுட் போன்ற தெற்கு ஒடிசா மாவட்டங்கள் ஆந்திர எல்லையை ஒட்டியவை, அங்குள்ள பலருக்கும் தெலுங்கு ஓரளவு தெரியும். அக்காவுக்கு இந்தப் பூகோளம் தெரிந்திருக்காது. "ஏமாயிந்தி அம்மா?" என்று சும்மா கேட்டுப் பார்த்தார். அந்தப் பெண் உடைந்து அழுதுகொண்டே சொல்லத் தொடங்கினார். இரவு ஷிப்ட், மெஷினில் பஞ்சு சிக்கியது, எடுக்கக் கை விட்டபோது இழுத்துவிட்டது. அக்கா அதைத் தமிழில் சொன்னார். மருத்துவர் நல்லவர். எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதினார்.

மறுநாள் ஒப்பந்த நிறுவனத்தின் சூப்பர்வைசர் அக்காவைக் கூப்பிட்டுக் கண்டித்ததாகக் கேள்விப்பட்டோம். "உன்னைத் தரை துடைக்கத்தானே வச்சிருக்கு?"

பதிவேட்டில் எழுதப்படும் அந்த ஒரு வரி எவ்வளவு பெறும் என்று பார்ப்போம். இ.எஸ்.ஐ. திட்டத்தில், வேலையின்போது ஏற்பட்ட காயம் என்றால் வேலைக்குப் போக முடியாத நாட்கள் முழுவதற்கும் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும் உண்டு. விரல் போனால் இழப்பின் சதவீதத்தை மருத்துவக் குழு கணக்கிடும், அதன்படி ஆயுள் முழுக்க மாதப் பணம் கிடைக்கும். அதே காயம் குளியலறையில் ஏற்பட்டது என்று எழுதப்பட்டால், அது வெறும் உடல்நலக் குறைவு. கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை மட்டும். அதற்கும் ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆயுள்காலப் பணம் கிடையாது. ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத பெண்ணுக்கு இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருப்பது அவருடைய மீதி வாழ்க்கை.

நம் வாசகர்களுக்கு விபத்துப் பதிவேட்டின் அருமையைச் சொல்லித் தரவேண்டியதில்லை. வன்கொடுமை வழக்குகளில் 'ஏ.ஆர். காப்பி'யில் "தெரிந்த நபர்கள்" என்று எழுதியிருக்கிறதா, "தெரியாத நபர்கள்" என்று எழுதியிருக்கிறதா என்பதை வைத்தே எத்தனை வழக்குகளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையை நடத்துகிறார்! அடிபட்டவர் சொன்னதை இன்னொருவர் வாய் வழியாக எழுதும்போது என்ன ஆகும் என்று சேரி மக்களுக்கு நீண்ட அனுபவம் உண்டு. தமிழ் பேசும் நமக்கே இந்தக் கதி என்றால், தமிழ் தெரியாமல் இங்கே வந்து உழைக்கும் தலித், பழங்குடி மக்களின் நிலையை ஊகிக்கலாம்.

'மருத்துவமனைக்கு மொழிபெயர்ப்பாளரா? அதற்கெல்லாம் அரசிடம் பணம் ஏது?' என்பார்கள். செலவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, எந்தப் பட்ஜெட்டிலும் எழுதப்படவில்லை என்பதுதான் வேறுபாடு. பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவுடன் வந்து நிற்கும் பத்து வயதுப் பிள்ளை அந்தச் செலவைக் கொடுக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் சக தொழிலாளி கொடுக்கிறார். துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுப் பேசி, பிறகு திட்டு வாங்கிய அக்கா கொடுத்தார். மேஸ்திரியும் வார்டனும் இலவசமாக மொழிபெயர்க்கிறார்கள் என்றால், அந்த இலவசத்தின் விலையை விரல் இழந்தவர் கட்டுகிறார்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாடு ஒன்று உண்டு, அமெரிக்கா. அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டிய காரணமும் உண்டு, ஏனென்றால் அது கறுப்பின மக்களின் போராட்டத்தில் தொடங்குகிறது.

கறுப்பர் பெற்ற சட்டம், சீனப் பிள்ளைகள் கேட்ட நீதி

1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு, சிறை சென்று பெற்றது. அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது அதன் ஆறாம் பிரிவு. அதில் மொழி என்ற சொல்லே கிடையாது. பின்னர் சான் பிரான்சிஸ்கோவின் சீனக் குடும்பங்கள் அந்தப் பிரிவைக் கையில் எடுத்தன. 'எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தெரியாது. புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு, எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார், இதுதான் சமத்துவம் என்கிறீர்கள்' என்பதே அவர்களின் வாதம். 1974-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஒரே மாதிரி நடத்துவது மட்டும் சமத்துவம் ஆகிவிடாது என்பது இடஒதுக்கீட்டு விவாதத்தில் நாம் தினமும் சொல்லும் வாதம்தான்.

அந்தத் தீர்ப்பின் வழியே வந்ததுதான் 2000-இல் அதிபர் கிளிண்டன் போட்ட 13166-ஆம் எண் நிர்வாக உத்தரவு. அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் புரியும்படி சேவை தர வேண்டும் என்ற நிலை உறுதியானது. உடனே அங்கேயும் 'செலவு எவ்வளவு?' என்ற கூச்சல் எழுந்தது. நாடாளுமன்றம் கேட்க, அரசின் பட்ஜெட் அலுவலகமே 2002-இல் கணக்குப் போட்டுத் தந்தது. மருத்துவத் துறைக்கு ஆண்டுக்கு 26.8 கோடி டாலர். கேட்கப் பெரிய தொகைதான். ஒரு முறை மருத்துவரைப் பார்ப்பதற்கான செலவில் இது கூட்டுவது சராசரியாக 4 டாலர் 4 சென்ட், அதாவது அரை சதவீதம். அன்றைய மதிப்பில் நம் பணம் ஏறத்தாழ 200 ரூபாய்.

மொழிபெயர்க்காவிட்டால் ஆகும் செலவுக்கும் அங்கே ஒரு கணக்கு உண்டு. 1980-இல் புளோரிடாவில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவரை நினைவிழந்த நிலையில் கொண்டுவந்தார்கள். கியூபாவிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் சொன்ன 'இன்டாக்ஸிகாடோ' என்ற ஸ்பானியச் சொல்லுக்கு, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். மருத்துவர்கள் காதில் அது போதை என்று விழுந்தது. போதை மருந்துக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். உண்மையில் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கை கால் நான்கும் செயலிழந்தன. வழக்கில் பேசி முடித்த இழப்பீடு ஆயுள்காலக் கணக்கில் சுமார் 7.1 கோடி டாலர்.

நம் மொழிகளிலும் இத்தகைய கண்ணிவெடிகள் கிடக்கின்றன. 'மயக்கமா இருக்கு' என்று நம் கிராமத்துப் பாட்டி சொன்னால் தலைசுற்றலா, நினைவு தப்பியதா, அசதியா என்று திருப்பிக் கேட்க வேண்டும். பீகாரிலிருந்து வந்தவர் தன் மனைவியைக் காட்டி 'பேட் ஸே ஹை' என்றால், 'பேட்' என்றால் வயிறு என்று மட்டும் தெரிந்தவர் வயிற்றுவலி என்று மொழிபெயர்த்துவிடுவார். அவர் சொன்னது மனைவி கர்ப்பமாக இருக்கிறார் என்பதை. வயிற்றுவலிக்கு எழுதும் மாத்திரையை கர்ப்பிணிக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று செவிலியர் படிப்பு படிக்கும் நம் மாணவிகளுக்குத் தெரியும்.

மருத்துவ மொழிபெயர்ப்பைப் பற்றி 2003-இல் அங்கே வெளியான ஓர் ஆய்வு, குழந்தைநல மருத்துவரிடம் நடந்த உரையாடல்களைப் பதிவு செய்து பார்த்தது. ஒரு சந்திப்புக்குச் சராசரியாக 31 தவறுகள். பாதிக்கு மேற்பட்டவை சிகிச்சையைப் பாதிக்கக்கூடியவை. பயிற்சி பெற்றவர்களும் தவறு செய்தார்கள். ஆனால் கையில் கிடைத்தவரை நிற்கவைத்து மொழிபெயர்க்கச் சொன்னபோது ஆபத்தான தவறுகளின் விகிதம் கூடுதல். அவசரத்தைத் தவிர மற்ற நேரங்களில் சிறுபிள்ளைகளை மொழிபெயர்க்கச் சொல்லக்கூடாது என்று 2016-இல் அங்கே விதியே வந்தது. தாயின் கருச்சிதைவைப் பற்றி மகன் வாயால் கேட்பது என்ன கொடுமை என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

அமெரிக்காவைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அதிகாரபூர்வ மொழியாக அறிவித்து, கிளிண்டன் போட்ட உத்தரவை ரத்து செய்துவிட்டார். 1964 சட்டமும், 2010 மருத்துவச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடைப் பிரிவும் இன்னும் இருக்கின்றன. மக்கள் மன்றத்தில் நிறைவேறிய சட்டம் நிற்கிறது, ஒருவர் கையெழுத்தில் வந்த உத்தரவு இன்னொருவர் கையெழுத்தில் போய்விட்டது. அரசாணையை நம்பியே பல உரிமைகளை வைத்திருக்கும் நாம் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தித் திணிப்பு இல்லையா?

நண்பர்கள் சிலர் கேட்பார்கள்: 'வடக்கிலிருந்து வருபவர்களுக்காக இந்தி பேச ஆள் வைப்பதா? இதற்குத்தானா மொழிப்போர்?' இந்தக் கேள்வியை நாங்கள் அலட்சியப்படுத்தவில்லை. தமிழ்நாட்டு மருத்துவமனையில் முதல் மொழி தமிழ்தான். சீட்டும் மருந்து விவரமும் தமிழில் வர வேண்டும் என்று கேட்பவர்கள் நாங்களும்தான். ஆனால் அந்த ஒடிசாப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இந்தி இல்லையே, ஒடியாவோ தெலுங்கோதான். வலிக்கிறவரின் மொழியில் கேட்பது வேறு, ஆள்கிறவரின் மொழியைத் திணிப்பது வேறு.

நம் முன்னோர்களும் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தலித் மக்கள் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குப் போனார்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்துக்கும் இலங்கை மலையகத்துக்கும் போனவர்களில் பெரும்பகுதியினர் யார் என்பதும் நமக்குத் தெரியும். புரியாத மொழிக்காரரிடம் கங்காணி சொன்னதுதான் அவர்களுடைய நோயாகவும் காயமாகவும் எழுதப்பட்டது. அந்தக் கங்காணியின் இடத்தில்தான் இன்று வார்டன் நிற்கிறார்.

வேண்டும் என்று நினைத்தால் அரசுக்கு ஆள் கிடைக்கும். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, சில நாட்களில் இந்தி தெரிந்தவர்களோடு காவல்துறை உதவி எண்கள் இயங்கின. ஆலைகள் காலியாகிவிடும் என்ற பயம் இருந்தது. வணிகத்துக்கு மொழிபெயர்ப்பைச் செலவு என்று யாரும் எப்போதும் சொன்னதில்லை. புதுச்சேரியில் டூப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தபோதும் சொன்னதில்லை.

நோயாளியின் பக்கம் சட்டம் அறவே இல்லாமலும் இல்லை. நோயின் விவரத்தை நோயாளிக்குத் தெரிந்த மொழியில் விளக்க வேண்டும் என்கிறது தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம். மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் அதை மாநிலங்களுக்கு அனுப்பியது. 2017 மனநலச் சட்டம், நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்லிப் பெற்றால்தான் அது சம்மதம் என்கிறது. நீதிமன்றத்தில் குற்றம்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் இருந்தால் மொழிபெயர்த்துச் சொல்லியாக வேண்டும், அதற்கான செலவை யாரும் கேள்வி கேட்பதில்லை. அறுவை சிகிச்சை மேசையில் படுத்திருப்பவருக்கு அந்த உறுதி கிடையாது, சாசனம் சட்டம் ஆகவில்லை.

ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஐந்து மொழிக்கு ஐந்து பேரை உட்காரவைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆஸ்திரேலியா 1973-லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைத் தொடங்கிவிட்டது. இன்று அங்கே தமிழ் மட்டும் தெரிந்த ஓர் ஈழத்து அம்மா மருத்துவரிடம் போனால், போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட முடியும். நம்மிடம் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. அதில் ஒடியா, இந்தி, வங்காளி, தெலுங்கு தெரிந்தவர்களைச் சேர்த்து, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து மருத்துவரே அழைக்க வழி செய்யலாம். புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்து வளர்கிறார்கள். அவர்களுக்கு அது கௌரவமான வேலையாகவும் இருக்கும்.

ஏற்கெனவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் வார்டு உதவியாளர்களுக்கும் பயிற்சியும் படித்தொகையும் கொடுத்து, அதை அவர்களின் பணியாக எழுத்தில் ஏற்க வேண்டும். கண்டிப்புக்கு உள்ளாகும் உதவியாக அது இருக்கக்கூடாது.

ஒரு பைசா செலவில்லாத காரியமும் ஒன்று இருக்கிறது. விபத்துப் பதிவேட்டில் இரண்டு வரி சேர்க்க வேண்டும். நோயாளி எந்த மொழியில் சொன்னார்? மொழிபெயர்த்தவர் யார், அவருக்கு என்ன உறவு? 'மொழிபெயர்த்தவர்: ஆலை விடுதி வார்டன்' என்று பதிவாகியிருந்தால், பின்னால் அந்தத் தாளைப் படிக்கும் இ.எஸ்.ஐ. அதிகாரிக்கும் நீதிபதிக்கும் அதை எவ்வளவு நம்பலாம் என்று தெரியும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கும் மனுவில் முதல் கோரிக்கையாக இதைத்தான் எழுதியிருக்கிறோம். கல்லூரி மாணவர்கள் தங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் ஒரு வாரம் உட்கார்ந்து, யாருக்காக யார் பேசுகிறார்கள் என்று குறித்துக் கொடுத்தால் மனுவுக்குப் பலம் கூடும்.

மனுவில் கையெழுத்து வாங்க அக்காவிடமும் போனோம். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். படித்தொகை என்ற இடம் வந்ததும் சிரித்தார். "அது அப்புறம் பாத்துக்கலாம் தம்பி. பேசினதுக்குத் திட்டக்கூடாதுன்னு முதல்ல எழுதுங்க" என்றார். சேர்த்திருக்கிறோம்.