கடுஞ்சொல் வைத்தியர்

படித்த குடும்பங்களில் இராச் சாப்பாட்டுக்குப் பின் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடும் சபையில், ஒரு விசித்திரமான வைத்தியருக்கு நெடுநாளாகத் தனி ஆசனம் இருந்து வருகிறது. அவர் வெள்ளை அங்கி அணிய மறுப்பவர்; கைத்தடியை ஊன்றி நொண்டி நடப்பவர். கால் வலி பொறுக்காமல் மாத்திரைகளைக் கற்கண்டு போல விழுங்குகிறார். உதவி டாக்டர்களை மூடர்கள் என்கிறார், மேலதிகாரியைப் பரிகசிக்கிறார், நோயாளியைப் போய்ப் பார்ப்பதற்கே அலுத்துக்கொள்கிறார். இத்தகைய மனிதரை நம் வீட்டுத் திண்ணையில் ஒரு நாழிகை உட்கார வைப்போமா? மாட்டோம். ஆயினும் கதையில் அவரை விட்டுப் பிரிய மனம் வருவதில்லை. இதற்குக் காரணம் என்ன என்பதைச் சற்று ஆராய்வோம்.

டாக்டர் கிரெகரி ஹவுஸ் என்னும் இந்தக் கற்பனை வைத்தியரைப் படைத்தவர் டேவிட் ஷோர். வேடம் தாங்கியவர் ஹ்யூ லாரி என்ற ஆங்கிலேய நடிகர். அவருடைய தகப்பனார் மெய்யாகவே வைத்தியர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2004 நவம்பரில் தொடங்கிய நாடகம் 2012 மே மாதத்தில், 177 பகுதிகளோடு நிறைவெய்தியது. பிரான்ஸ் தேசத்தில் 2007 முதல் அது பெரும் வரவேற்புப் பெற்றது. பாரிஸில் உற்றார் உறவினர் உள்ள புதுவைக் குடும்பங்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை.

வைத்தியரை மேடையேற்றுவது பிரஞ்சுக்காரருக்குப் பழைய வழக்கம். மோலியேர் என்ற மகா நாடகாசிரியர் தம் காலத்து வைத்தியர்களை ஓயாமல் நையாண்டி செய்தார். கற்பனை நோயாளி ஒருவனைப் பற்றிய தமது கடைசி நாடகத்தில் அந்த நோயாளியாக நடித்துக்கொண்டிருந்தபோதே நோய் முற்றி, அன்றிரவே காலமானார். அது 1673-ஆம் ஆண்டு. லத்தீன் வார்த்தைகளை உருட்டிப் பேசிவிட்டு நோயைத் தீர்க்காமல் போகிறவர்கள் மோலியேரின் வைத்தியர்கள். ஹவுஸோ அதற்கு நேர்மாறு: வாயில் மரியாதை இல்லை, கையில் வித்தை இருக்கிறது. ஜனங்கள் அன்று அவர்களைப் பார்த்துச் சிரித்ததற்கும் இன்று இவரைக் கண்டு மயங்குவதற்கும் காரணம் ஒன்றுதான். உயிர் ஊசலாடும் வேளையில் உபசார வார்த்தை உதவாது. உண்மை தெரிந்தவன் வேண்டும் என்ற ஏக்கமே அது.

மேலும் இந்த நாடகம் வெளிக்கு வைத்தியக் கதை; உள்ளே துப்பறியும் கதை. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயில், எடின்பரோ நகரில் தமக்கு ஆசிரியராயிருந்த ஜோசப் பெல் என்ற வைத்தியரின் கூர்மையைக் கண்டே அந்தத் துப்பறியும் நிபுணரை உருவாக்கினார். ஹவுஸ் குடியிருக்கும் வீட்டின் எண்ணும் ஹோம்ஸின் வீட்டு எண்ணான 221பி-தான். வைத்தியரிடமிருந்து பிறந்த துப்பறிவாளர் ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் வைத்தியராகி வந்திருக்கிறார் என்று சொல்லலாம். ஒவ்வொரு கதையிலும் அவர் முதலில் சொல்லும் காரணம் தவறிப்போகிறது, இரண்டாவதும் தவறிப்போகிறது. பலகையில் எழுதியதை அழித்துவிட்டு மறுபடியும் எழுதுகிறார். தம் யூகம் பொய்த்ததைப் பற்றி வெட்கப்படாமல் மேலே தேடும் அந்தப் பிடிவாதத்தில் உண்மையான அழகு இருக்கிறது.

இவ்வளவு வரையில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நாடகத்தை ரசிக்கும் நம் இளைஞர்கள் சிலர் அதிலிருந்து ஒரு தவறான பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். கடுமையாகப் பேசுகிற டாக்டர் கெட்டிக்காரர், இன்சொல் பேசுகிறவருக்கு வித்தை குறைவு என்பதுதான் அந்தப் பாடம். பெரியவர்களிலும், "திட்டினாலும் கைராசிக்காரர்" என்று சொல்லி, வசவையும் மருந்தோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

ஹவுஸின் வசவு எவர்மேல் விழுகிறது என்று கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அவருக்கு மேலே உள்ளவர்கள்மேலும் சமமானவர்கள்மேலும் அது விழுகிறது. அவர்கள் திருப்பிக் கொடுக்கவும் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலோ கடுஞ்சொல் கீழ்நோக்கித்தான் பாய்கிறது. புதுவை கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் ஆஸ்பத்திரியை எண்ணிப் பாருங்கள். 1823-ல் பிரஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழிவந்தது அது. 1956-ல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாயிற்று. 1964-ல் இன்றைய பெயரை ஏற்றது. விழுப்புரம், கடலூர் பக்கங்களிலிருந்து பஸ் ஏறி வந்து வரிசையில் நிற்கும் ஏழை எளியவர்களுக்கு அதுவே புகலிடம். இப்படிப்பட்ட இடத்துக்கு வரும் கிராமத்துக் கிழவிக்கு டாக்டர் என்பவர் தெய்வத்துக்கு அடுத்தவர். அவர் ஒரு வார்த்தை சினந்து சொன்னால் அவள் பதில் பேசமாட்டாள், வாயை மூடிக்கொள்வாள்.

அங்கேதான் அபாயம் இருக்கிறது. நோயாளிகள் எல்லோரும் பொய் சொல்வார்கள் என்பது ஹவுஸின் சித்தாந்தம். ஆகவே அவர் தம் உதவியாளரை ஏவி நோயாளியின் வீட்டுக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து சோதனை போடச் செய்கிறார். நம்முடைய டாக்டர் அவ்விதம் செய்ய முடியுமா? உண்மையை அறிய அவருக்கு இருக்கும் சுருக்கமான வழி நோயாளியின் வாய் ஒன்றே. அந்த வாய் ஏன் பொய் சொல்கிறது? மாத்திரை வாங்கக் காசில்லாமல் பாதியில் நிறுத்தியவள், "ஏன் நிறுத்தினாய்?" என்ற அதட்டலுக்கு அஞ்சி, ஒழுங்காகச் சாப்பிட்டதாகச் சொல்கிறாள். குடிப்பழக்கம் உள்ளவன் அதை மறைக்கிறான். நாட்டு மருந்து தின்றவன் அதைச் சொல்லாமல் விடுகிறான். நிறுத்திய மாத்திரை பலிக்கவில்லை என்று எண்ணி டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிவிட்டால் வரும் கேட்டை யார் தாங்குவது? ஆக, பொய்யைக் கண்டு சீறும் வைத்தியர், அச்சீற்றத்தினாலேயே அடுத்த பொய்க்கு விதை போடுகிறார்.

டாக்டர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹவுஸுக்கு ஒரு நோயாளி; கூடி யோசிக்க மூன்று நான்கு டாக்டர்கள். 67 தேசங்களின் விவரங்களைத் திரட்டி 2017-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, ஒரு நோயாளிக்கு வைத்தியர் செலவிடும் நேரம் ஸ்வீடனில் சராசரி 22 நிமிஷத்துக்கு மேல். நம் அயல்நாடான வங்காள தேசத்தில் 48 விநாடி. வெளியே நீண்ட வரிசை காத்திருக்க, உள்ளே பொறுமை தேய்வது இயற்கையே. இதற்குப் பரிகாரம் டாக்டரை ஏசுவதல்ல. டாக்டர்களின் தொகையைப் பெருக்குவதும், ஆஸ்பத்திரிகளைக் கிராமங்களுக்கு அருகில் கொண்டு செல்வதுமே.

ஹவுஸிடமிருந்து கற்கத்தக்கது என்ன என்பதற்கு மெய்யான சான்று ஒன்று உண்டு. ஜெர்மனியில் மார்பூர்க் நகரத்து ஆஸ்பத்திரிக்கு 55 வயதுள்ள ஒருவர் இருதயம் தளர்ந்து, கண்ணும் காதும் மங்கி வந்து சேர்ந்தார். காரணம் யாருக்கும் விளங்கவில்லை. ஹவுஸ் நாடகத்தை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தி வந்த பேராசிரியர் ஷேஃபருக்கு அதில் கண்ட ஒரு கதை நினைவுக்கு வந்தது. நோயாளியின் இடுப்பில் பொருத்தியிருந்த உலோக மூட்டுத் தேய்ந்து, கோபால்ட் என்னும் நஞ்சு இரத்தத்தில் கலந்திருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மூட்டை மாற்றியபின் இருதயம் தேறியது. பார்வையும் செவியும் முழுதும் மீளவில்லை. 2014-ல் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியாயிற்று. இடுப்பில் என்றோ நடந்த சிகிச்சைக்கும் இன்றைய இருதய நோய்க்கும் முடிச்சுப் போட்ட அந்தத் தேடலே நோயாளியைக் காத்தது. ஹவுஸின் வசைமொழி அங்கே தேவைப்படவில்லை.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராயும்படி வைத்தியனுக்குச் சொன்ன வள்ளுவர், வைத்தியத்தின் நான்கு அங்கங்களை எண்ணும்போது நோயாளியையே முதலில் வைத்தார்; வைத்தியன் அதற்கு அடுத்தபடிதான். 2019 முதல் நமது மருத்துவக் கல்லூரிகளில் நோயாளியிடம் பேசும் முறையும் நெறியும் பாடத்திட்டத்தின் ஓர் அங்கமாக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அதைப் பரீட்சைக்காக மட்டும் படித்து மறந்துவிடக் கூடாது.

1954 நவம்பர் முதல் தேதி அன்னிய ஆட்சி புதுவையை விட்டு நீங்கியது. துரைமாருக்கு எதிரில் கைகட்டி நிற்கும் பழக்கமும் அன்றே நீங்கியிருக்க வேண்டும். பிள்ளையை டாக்டருக்குப் படிக்க வைத்திருக்கும் பெற்றோர்களுக்கு நமது வேண்டுகோள் இது: இந்த நாடகத்தைப் பிள்ளையோடு சேர்ந்து தாராளமாகப் பாருங்கள். பார்த்து முடித்தபின், "இந்த டாக்டரிடம் நம் பாட்டி போயிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பாளா?" என்று அவனைக் கேளுங்கள்.