பெட்டியில் போட்டு மூடுமுன்

போர்டில் விளக்கு எரிகிறது. கணினியோ எதுவுமே செருகப்படவில்லை என்பதுபோல் இருக்கிறது. இஎஸ்பி32 வாங்கி ஃபர்ம்வேர் ஏற்ற உட்காரும் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். "எனக்கு இதெல்லாம் வராது மாமா" என்றாள் என் அக்காள் மகளும். எழுதிய நிரல் இன்னும் ஒரு வரிகூட ஓடவில்லை, அதற்குள் தோற்றுவிட்டாளாம்!

முதலில் கேபிளை மாற்றுங்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளில் மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தகவலுக்கு இரண்டு கம்பி. சார்ஜ் செய்ய மட்டுமே வரும் மலிவு கேபிள்களில் தகவல் கம்பிகள் இருக்காது. வானொலிக்காரன் பாஷையில், கரண்ட் உண்டு, ஒலிபரப்பு இல்லை.

கேபிள் சரியா? விண்டோஸில் 'டிவைஸ் மேனேஜர்' திறந்து பாருங்கள். பெயர் தெரியாத கருவி ஒன்று மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நின்றால், பெரும்பாலும் டிரைவர்தான் இல்லை. யூஎஸ்பி முனைக்கு அருகிலுள்ள சின்ன சிப்பைப் பாருங்கள். சிஎச்340, சிபி2102 என்று ஏதாவது பொறித்திருக்கும் (கைப்பேசி கேமராவில் பெரிதாக்கினால் தெரியும்). அதற்குரிய டிரைவரைச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள்; தேடலில் கண்ணில் படும் ஏதோ ஒரு தளம் வேண்டாம். சரியாக அமர்ந்தால் 'காம்' என்ற பெயரோடு ஓர் எண் தோன்றும். ஆர்டுயினோ மென்பொருளில் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்புறமும் 'கனெக்டிங்' என்று புள்ளி வைத்துக்கொண்டே போனால், டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவாதீர்கள். போர்டிலுள்ள 'பூட்' பொத்தானை அழுத்திப் பிடித்து, ஏற்றம் தொடங்கியதும் விடுங்கள்.