கருவி மலிவு, கணக்கு மலிவல்ல

சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறியவர்களில் ஒரு சாரார் கொஞ்ச காலத்திலேயே அடுத்த கேள்விக்கு வந்துவிடுகிறார்கள்: கையைக் கடிக்காத விலையில் நல்ல ஆர்டிஏ எது? ஆர்டிஏ என்பது பேட்டரிப் பெட்டியின் தலையில் திருகி மாட்டும் சிறிய உலோகக் குப்பி. திரவம் தேக்கும் தொட்டி அதில் கிடையாது. உள்ளே ஒரு மேடை, மேடையில் இரண்டு தூண்கள், தூண்களுக்கு நடுவே இறுக்கிய, காயில் எனப்படும் கம்பிச்சுருள், சுருளுக்குள் நுழைத்த பஞ்சு. பஞ்சின் மேல் திரவத்தைச் சொட்டு சொட்டாக விட்டுப் பொத்தானை அழுத்தினால் சுருள் சூடாகி ஆவி கிளம்பும். காயிலும் பஞ்சும் தேய்ந்தால் பயன்படுத்துகிறவரே மாற்றிக்கொள்ளலாம். ஒரு சுருணைக் கம்பியும் ஒரு பொட்டலம் பஞ்சும் மாதக்கணக்கில் வரும். ஒரு முறை வாங்கினால் போதும் என்பதுதான் இதன் கவர்ச்சி. மலேசியாவின் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டும், கோலசிலாங்கூர் மாவட்டத்தின் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்து இளந்தொழிலாளிக்கு இந்தக் கணக்கு நியாயமாகவே படும். ஆனால் அது பாதிக் கணக்கு. ஆர்டிஏவில் மலிவாக இருப்பது உலோகம் மட்டுமே. திரவத்தின் செலவு, பேட்டரியின் ஆபத்து, தயாரிப்பாளர் ஏற்க வேண்டிய பொறுப்பு ஆகிய மூன்றும் வாங்குகிறவர் தலையில் வந்து விழுகின்றன.

முதலில் திரவம். மலேசியாவில் 2023 ஏப்ரல் முதல் நிகோடின் கலந்த வேப் திரவத்துக்கு ஒரு மில்லிலிட்டருக்கு 40 சென் கலால் வரி உண்டு. வரி அளவைப் பொறுத்ததே தவிர, நிகோடினின் செறிவைப் பொறுத்ததல்ல. ஆர்டிஏ அதிக வாட்டில் இயங்குவது. பெரிய ஆவியைத் தருவது. அதனால் அதற்கு 3 மில்லிகிராம் போன்ற குறைந்த செறிவுள்ள திரவத்தையே ஊற்றுகிறார்கள். மீண்டும் மின்னேற்றித் திரவம் நிரப்பும் சிறிய பாட் கருவிகளில் குறைந்த வாட்டில் செறிவு கூடிய திரவம் ஓடும். ஒருவர் ஒரு நாளில் 30 மில்லிகிராம் நிகோடின் அடங்கிய திரவத்தைச் செலவழிக்கிறார் என்று கொள்வோம். 3 மில்லிகிராம் செறிவில் அது 10 மில்லிலிட்டர். 20 மில்லிகிராம் செறிவில் வெறும் ஒன்றரை மில்லிலிட்டர். முதலாமவருக்கு வரி மட்டும் நாளொன்றுக்கு 4 ரிங்கிட், மாதத்துக்கு 120 ரிங்கிட். இரண்டாமவருக்கு நாளொன்றுக்கு 60 சென், மாதத்துக்கு 18 ரிங்கிட். திரவத்தின் விலையும் கடைக்காரரின் லாபமும் இதற்கு மேல். குறைந்தபட்சச் சம்பளக்காரரின் வருமானத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு வரியாகவே ஆவியாகிவிடும். கருவியில் மிச்சம் பிடித்த சில பத்து ரிங்கிட் முதல் மாதத்தையே தாண்டாது. வரி கட்டாத திரவத்தை வாங்கினால் இந்தச் செலவு இல்லையே என்று சிலர் கேட்கலாம். கள்ளத் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. செயற்கைப் போதைப்பொருள் கலந்த வேப் திரவங்களை மலேசியப் போலீசார் தொடர்ந்து கைப்பற்றி வருகிறார்கள்.

அடுத்தது பேட்டரி. மலிவு தேடுகிறவர் ஆர்டிஏவோடு நிற்பதில்லை. அதற்குப் பொருத்தமாக மெக்கானிக்கல் மோட் எனப்படும் குழாயையும் மலிவாகத் தேடுகிறார். அந்தக் குழாயில் மின்சுற்றுப் பலகை கிடையாது; பேட்டரிக்கும் காயிலுக்கும் இடையே இருப்பது ஒரு பொத்தான் மட்டுமே. இங்கேதான் இடைநிலைப்பள்ளியில் படித்த ஓம் விதி உயிர் காக்கும் பாடமாகிறது. முழுதாக மின்னேற்றிய 18650 பேட்டரியின் அழுத்தம் 4.2 வோல்ட். காயிலின் மின்தடை 0.5 ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 8.4 ஆம்பியர். 0.2 ஓம் என்றால் 21 ஆம்பியர். பெரிய ஆவிக்கு ஆசைப்பட்டு 0.1 ஓமுக்கு இறக்கினால் 42 ஆம்பியர். நல்ல தயாரிப்பாளர்கள் அதிக மின்னோட்டத்துக்கென்றே செய்யும் 18650 பேட்டரிகளிலேயே பெரும்பாலானவை 20 முதல் 30 ஆம்பியர் வரைதான் தொடர்ந்து தாங்கும். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய பேட்டரியோ, உறையில் மட்டும் பெரிய எண் அச்சிட்ட போலிப் பேட்டரியோ அதில் பாதியைக்கூடத் தாங்காது. போதாக்குறைக்கு, மலிவான ஆர்டிஏ சிலவற்றில் அடிப்பகுதி முனை வெளியே துருத்தி நிற்காமல் திருகுப்பகுதியோடு சமமாக அமுங்கியிருக்கும். ஆர்டிஏவின் முனை நேரடியாகப் பேட்டரியைத் தொடும் ஹைப்ரிட் வகைக் குழாயில் அதை மாட்டினால் வெளி உலோகமே பேட்டரியின் தலையைத் தொட்டு நேரடியாக ஷார்ட் ஆகும். 2018இல் ஃபுளோரிடாவில் ஒருவரும் 2019இல் டெக்சாஸில் ஒருவரும் வேப் கருவி வெடித்து உயிரிழந்தனர். இவை அரிதான விபத்துகள்தான். ஆனாலும் நல்ல பேட்டரியும் ஓம் மீட்டரும் வாங்கினால் பேட்டரி ஆபத்து பெருமளவு குறையும் என்பதே மலிவு பார்க்கிறவர் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி. மலிவு என்று சொல்லி இந்த இரண்டையும் தவிர்க்கிறவர் பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை, தன் பாதுகாப்பை இழக்கிறார்.

மூன்றாவது பொறுப்பு. மின்சிகரெட் கருவிகளுக்குத் தரச் சான்று நிறுவனமான சிரிமின் சான்றிதழும் முத்திரையும் கட்டாயம் என்ற ஆணை 2022 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கருவிக்குச் சான்று தருவது என்றால், அந்தக் கருவி தொழிற்சாலையை விட்டு வந்த நிலையிலேயே பயன்படுத்தப்படும் என்று பொருள். ஆர்டிஏவில் மிக முக்கியமான உறுப்பு, அதாவது சூடாகும் சுருள், கடையை விட்டு வந்த பிறகுதான் உருவாகிறது. எத்தனை சுற்று, எந்தக் கம்பி, எவ்வளவு இறுக்கம், சுருளின் கால் மேடையைத் தொடுகிறதா, பஞ்சு காய்ந்து கருகுகிறதா என்பதையெல்லாம் முடிவு செய்பவர் பயன்படுத்துகிறவர். கடைசித் தயாரிப்பாளர் அவரே. எந்த முத்திரையும் அவர் சுற்றிய காயிலுக்கு உத்தரவாதம் தராது. விபத்து நடந்தால் எந்த நிறுவனமும் பொறுப்பேற்காது. தொழிற்சாலை செய்ய வேண்டிய வேலையையும் பரிசோதனையையும் வாங்குகிறவரே சம்பளமில்லாமல் செய்வதால்தான் ஆர்டிஏ மலிவாகக் கிடைக்கிறது. அறிவும் கருவிகளும் உள்ளவருக்கு அது சுதந்திரம். வேலை முடிந்து வந்து கடைக்காரர் சொன்னதை நம்பிச் சுற்றுகிறவருக்கு அது சுமை.

இதற்கு முதல் மறுப்பு, ஆர்டிஏ பிரியர்களிடமிருந்தே வரும். தூக்கி எறியும் வேப் ஒவ்வொன்றிலும் ஒரு லித்தியம் பேட்டரி குப்பைக்குப் போகிறது. ஆர்டிஏ ஆண்டுக்கணக்கில் உழைக்கிறது. அதைப் பழகுகிறவன் மின்சாரத்தையும் உலோகத்தையும் புரிந்துகொள்கிறான் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. குப்பை, இளையோர் பழக்கம் இரண்டையும் காரணம் காட்டி பிரிட்டன் 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து ஒருமுறைப் பயன்பாட்டு வேப்புகளின் விற்பனையைத் தடை செய்தது. ஆனால் தூக்கி எறியும் வேப்பும் ஆர்டிஏவும் மட்டுமே நம் முன் இருப்பதாக ஏன் எண்ண வேண்டும்? மீண்டும் மின்னேற்றி, மீண்டும் திரவம் நிரப்பி, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் சிறிய பாட் கருவி இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கைத்தொழில் பழக விரும்பும் இளைஞனுக்கும் மின்சாரம் பழகுவதற்குத் தன் உதட்டருகே ஒரு சூடான கம்பி தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. சிகரெட்டை விட வேப் தீங்கு குறைந்தது; ஆகவே மலிவான கருவியைக் குறை சொல்வது தொழிலாளியை மறுபடியும் சிகரெட்டுக்குத் தள்ளும் என்பது அது. வரி கட்டிய சிகரெட் ஒரு பெட்டி 17 ரிங்கிட்டைத் தொட்டுவிட்ட நிலையில், கள்ளச் சிகரெட் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக்கூடக் கிடைக்கிறது; கிராமப்புறங்களில் அதுவே உண்மையான போட்டியாளர். நிகோடின் மாற்றுச் சிகிச்சையை விட நிகோடின் வேப் மூலம் சிகரெட்டை நிறுத்துவோர் அதிகம் என்று மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரன் ஆய்வுத்தொகுப்பும் உறுதியான சான்றோடு சொல்கிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் இந்தச் சான்று சிகரெட் பிடிக்கும் பெரியவர்களுக்கே பொருந்தும். மலேசியத் தேசியச் சுகாதார ஆய்வின்படி 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் வேப் பிடிப்போர் 2017இல் 9.8 விழுக்காடு, 2022இல் 14.9 விழுக்காடு. நிறுத்துவதற்குச் சிகரெட்டே இல்லாத பிள்ளைகளும் இதில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கருவியும் மலிவல்ல. இன்னொரு நியாயமான கேள்வியும் எழும்: பாட் கருவியைப் பரிந்துரைத்தால் செறிவு கூடிய நிகோடினைப் பரிந்துரைத்ததாகாதா? ஆகும். அளவுக்கு வரி போடும் முறை நீர்த்த திரவத்தைத் தண்டித்து, செறிந்த திரவத்துக்குச் சலுகை தருகிறது. அது சட்டம் திருத்த வேண்டிய கோளாறு. ஆகவே பாட் கருவி, தினமும் சிகரெட் பிடித்து விட முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு மட்டுமே பொருத்தம். அவர்கூட முதலில் போக வேண்டிய இடம் அரசாங்கச் சுகாதார நிலையத்தின் புகைநிறுத்தச் சேவை.

மூன்றாவது, "பெரியவன் தன் பணத்தில் எதை வாங்கினால் உனக்கென்ன?" என்ற மறுப்பு. தோட்டத் தமிழர் வரலாறு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. தோட்டங்களிலேயே கள்ளுக்கடை இருந்த காலத்தில் கள்ளு மலிவாகத்தான் கிடைத்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தார்கள். அது நிர்வாகம் விதித்த கட்டுப்பாடன்று. தொழிலாளிகள் தாங்களே கேட்டது. உழைத்துப் பெற்ற கூலி மலிவான குவளை குவளையாக எங்கே போய்ச் சேர்கிறது என்ற கேள்வி அந்தக் கோரிக்கைக்குள் இருக்கிறது. ஒரு பொருள் மலிவா என்பதை அதன் முதல் விலையை வைத்து அளக்கக் கூடாது, மாதம் முடியும்போது வீட்டுக்கு மிஞ்சுவதை வைத்து அளக்க வேண்டும் என்ற தெளிவு அதில் தெரிகிறது. ஆர்டிஏ வாங்குகிறவரும் தன்னிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டால் அது அடுத்தவர் தலையீடாகாது.

அப்படியானால் முழுத் தடைதான் தீர்வா? ஜொகூர் மாநிலம் 2016 முதல் வேப் விற்பனையைத் தடுத்திருக்கிறது. திரங்கானுவும் பகாங்கும் 2025 ஆகஸ்டில் அந்த வழிக்கு வந்தன. ஆனால் மாநில எல்லைகளைக் கடந்து போய் வாங்கி வருவதைத் தடுக்க மாநிலச் சட்டத்தால் முடியாது. கூட்டரசு அளவில் ஒரு சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தோருக்குப் புகைப்பொருள் விற்பனையையே தடுக்க எண்ணிய திட்டம் 2023இல் கைவிடப்பட்டாலும், எஞ்சிய பகுதி 852ஆம் சட்டமாக 2024 அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது, கடையில் பார்வைக்கு அடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த சுகாதார அமைச்சர் டாக்டர் சுல்கிப்ளி அமாட் கோலசிலாங்கூரின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய தொகுதி மக்கள் இரண்டு திருத்தங்களைக் கேட்கலாம். மின்சுற்றுப் பாதுகாப்பு இல்லாத மெக்கானிக்கல் மோட் விற்பனை நிறுத்தப்பட வேண்டும். திரவ வரியை அளவோடு நிகோடின் செறிவையும் பார்த்து விதிக்க வேண்டும். கடைகளுக்கு உரிமம் தரும் கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகம், பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அருகே புதிய உரிமம் தருவதை நிறுத்தலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஆர்டிஏதான் வேண்டும் என்கிற பெரியவர்கள் இருப்பார்கள். அவர்கள் குப்பியின் பளபளப்பில் சிக்கனம் பார்க்கட்டும். பாதுகாப்பில் பார்க்க வேண்டாம். விலையுயர்ந்த கருவியின் நகலைவிட, பெயர் தெரிந்த நிறுவனத்தின் எளிய அசல் நல்லது. அடிமுனை தெளிவாகத் துருத்தி நிற்க வேண்டும். முனையைச் சுற்றியுள்ள காப்பு வெப்பத்தில் இளகாததாக இருக்க வேண்டும். திருகுகள் மழுங்காமல் கம்பியை இறுகப் பிடிக்க வேண்டும். மின்தடையை அளந்து, ஷார்ட் ஆனால் தானே நின்றுவிடும் சுற்றுப்பலகை உள்ள பேட்டரிப் பெட்டியில் மட்டுமே மாட்ட வேண்டும். உறை கிழிந்த பேட்டரியை ஒதுக்க வேண்டும்; உதிரிப் பேட்டரியைச் சாவியோடும் சில்லறையோடும் சட்டைப்பையில் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்துக் கூட்டினால் மலிவு என்று தொடங்கியது மலிவாக முடியாது. அதைத் தெரிந்து வாங்குவது ஒருவருடைய உரிமை. தெரியாமல் வாங்க வைப்பது வியாபாரம். அதற்குக் கடிவாளம் போடுவது அரசின் கடமை.