டி டிரைவ் காப்பாற்றாது!

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி நடக்கிற உரையாடல் இது. லேப்டாப் ஆன் ஆகவில்லை என்று ஒரு கல்லூரி மாணவி கொண்டு வருகிறார். கடைக்காரர் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கிறார். உள்ளேயிருந்து டிக்... டிக்... என்று சத்தம் வருகிறது.

"டிஸ்க் போயிடுச்சும்மா."

"பரவால்லண்ணா, ப்ராஜெக்ட் எல்லாம் டி டிரைவ்லதான் வெச்சிருக்கேன்."

பாவம், கடைக்காரர் என்ன சொல்வார்? போனது டிஸ்க். சி, டி, இ என்பதெல்லாம் அந்த ஒரே டிஸ்க்கின் மேல் போட்ட கோடுகள். வீடே எரிந்து போன பிறகு "பத்திரமெல்லாம் பூஜை ரூமில்தானே வைத்திருந்தேன்" என்று சொல்வது போலத்தான் இதுவும்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. கம்ப்யூட்டர் சென்டரில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரி லேபில் அப்படித்தான் சொன்னார்கள். சித்தப்பா பையனும் அதையேதான் சொன்னான். "முக்கியமானதை சி-யில் வைக்காதே, டி-யில் வை." ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பூனை குறுக்கே போனால் திரும்பி வா என்பதைப் போல இதுவும் ஒரு நம்பிக்கையாக நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டர் படித்தவர்களே பரப்புகிற மூடநம்பிக்கை என்பதால் இதற்கு மரியாதை வேறு!

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது?

ஒரு காலத்தில் இதற்கு நியாயமான காரணம் இருந்தது. 1983-ல் ஐபிஎம் வெளியிட்ட பிசி எக்ஸ்டி கம்ப்யூட்டரில் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க் இருந்தது. ஏ, பி இரண்டு எழுத்துகளும் ஏற்கெனவே ஃபிளாப்பிக்குப் போய்விட்டதால் ஹார்டு டிஸ்க்குக்கு சி கிடைத்தது. 1987-ல் வந்த டாஸ் 3.3-ல் ஒரு பார்ட்டிஷன் 32 மெகாபைட்டைத் தாண்ட முடியாது. அதைவிடப் பெரிய டிஸ்க் வாங்கினால் துண்டு போட்டே ஆக வேண்டும்.

பிறகு விண்டோஸ் 95 வந்தது. அப்போதிருந்த ஃபாட்16 முறையில் ஒரு பார்ட்டிஷனின் உச்ச அளவு 2 ஜிபி. அந்த அளவை நெருங்கினால் வேறு ஒரு தொல்லை: டிஸ்க்கின் இடம் 32 கிலோபைட் கட்டங்களாகத்தான் பிரியும். ஒரு கிலோபைட் கடிதத்தைச் சேமித்தாலும் 32 கிலோபைட் போய்விடும். ஒரு படி அரிசிக்கு ஒரு முழுச் சாக்கு மாதிரி! சின்னச் சின்ன பார்ட்டிஷனாகப் போட்டால் இந்த வீணடிப்பு குறையும். ஆகவே அன்றைக்கு டிஸ்க்கை நான்காகப் பிரித்தவர் புத்திசாலி.

1996-ல் ஃபாட்32 வந்து இந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது என்டிஎஃப்எஸ் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கும் வந்து சேர்ந்தது. அதில் வழக்கமான கட்டம் 4 கிலோபைட்தான், பெரிய டிஸ்க்கை முழுதாக ஒரே பார்ட்டிஷனாக வைத்துக்கொள்ளலாம். காரணம் அன்றோடு முடிந்தது. வழக்கம் மட்டும் முடியவில்லை. இன்றும் 512 ஜிபி எஸ்எஸ்டி போட்ட புது லேப்டாப்பை, கேட்காமலேயே நான்காக வெட்டிக் கொடுக்கிறார்கள். "சாங்ஸ்", "மூவீஸ்", "பர்சனல்" என்று பெயரும் வைத்துவிடுகிறார்கள். ஃபோல்டர் என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டதா?

புரோகிராமை டி-யில் போடும் மேதாவிகள்

அடுத்த ரகம் இன்னும் ஒரு படி மேல். "மென்பொருளை எல்லாம் டி-யில் இன்ஸ்டால் பண்ணு, அப்போதான் ஃபார்மட் பண்ணினாலும் போகாது, சி-யும் ஸ்பீடா இருக்கும்" என்பார்கள். இதில் இரண்டு பொய் இருக்கிறது.

முதல் பொய், ஃபார்மட் செய்தாலும் போகாது என்பது. விண்டோஸில் ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் கோப்புகள் ஓர் இடத்தில் மட்டும் உட்காருவதில்லை. ரெஜிஸ்ட்ரியில் பதிவு, சிஸ்டம் ஃபோல்டரில் சில டிஎல்எல்கள், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ஆப்டேட்டாவில் அமைப்புகள், உரிமம் பற்றிய தகவல் என்று பல இடங்களில் பரவும். இவை பெரும்பாலும் சி-யில்தான் இருக்கும். சி-யை ஃபார்மட் செய்த பிறகு டி-யில் மிஞ்சுவது வெறும் கூடு. ஐகானைத் தட்டினால் ஏதோ ஒரு டிஎல்எல் காணோம் என்று ஒரு பெட்டி வரும். மறுபடியும் இன்ஸ்டால் செய்யத்தான் வேண்டும். பென் டிரைவிலிருந்தே ஓடுகிற போர்ட்டபிள் மென்பொருள்கள் விதிவிலக்கு. ஸ்டீம் போன்றவற்றில் வாங்கிய பெரிய கேம்களையும் வேறு டிரைவில் வைத்து, பிறகு அந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கலாம். ஆனால் அது இட வசதிக்கான ஏற்பாடு.

இரண்டாவது பொய், வேகம். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கில் இருக்கும்போது எதை எங்கே மாற்றினால் என்ன? சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் படிக்கும் முள் இந்தப் பார்ட்டிஷனுக்கும் அந்தப் பார்ட்டிஷனுக்கும் மாறி மாறி ஓட வேண்டும், வேகம் குறையத்தான் வாய்ப்பு. எஸ்எஸ்டியில் சுழலவோ ஓடவோ எதுவும் இல்லை. தேய்மானம் சமமாக இருப்பதற்காக அதன் கன்ட்ரோலர் தகவலைத் தன் விருப்பப்படி சிப் முழுக்கச் சிதறி வைக்கிறது. சி இங்கே, டி அங்கே என்று நாம் போட்ட கோட்டை அது மதிப்பதே இல்லை.

விளைவு என்ன? 100 ஜிபி சி டிரைவ் சிவப்பாகி மூச்சு திணறும். பக்கத்தில் 380 ஜிபி காலியாகக் கிடக்கும். விண்டோஸ் அப்டேட் இடமில்லை என்று பாதியில் நிற்கும். சரி, சி-யைப் பெரிதாக்கலாம் என்று டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடக்கும். சி-க்கு வலப்பக்கம் ஒட்டினாற்போல் காலியிடம் இருந்தால்தான் அது வேலை செய்யும். அங்கே டி உட்கார்ந்திருக்கிறதே!

டி-யில் இருக்கிறது என்று நினைப்பவை

ஒழுங்காக எல்லாவற்றையும் டி-யில் வைப்பவர்களும் தப்பிப்பதில்லை. முதலில் டெஸ்க்டாப். அவசரத்துக்கு அங்கே போட்டு வைக்காதவர் யார்? டெஸ்க்டாப் என்பது சி-யில் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். டவுன்லோட்ஸும் அப்படியே. பிரௌசரில் சேமித்த புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் ஆப்டேட்டாவில். கணக்குப்பிள்ளைகள் வருடக்கணக்கில் பயன்படுத்திய டேலி இ.ஆர்.பி. 9-ஐ வழக்கமான முறையில் நிறுவினால், கம்பெனிக் கணக்கு முழுவதும் அந்தப் புரோகிராம் ஃபோல்டருக்கு உள்ளேயே "டேட்டா" என்ற பெயரில் உட்கார்ந்துகொள்ளும். "டி-யில் ஒன்றும் தொடவில்லை சார்" என்று சொல்லிவிட்டு சி-யை ஃபார்மட் செய்தால் கணக்கு போயே போச்சு.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு வேதனை உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு டி-யில் பத்திரமாகவே இருக்கும். எழுத்துருவோ சி-யில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருந்தது. ஃபார்மட் ஆனதும் எழுத்துரு காலி. கோப்பைத் திறந்தால் தமிழே இல்லை! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ கிறுக்கல். 200 பக்க ஆய்வேடு வைரஸில் கெட்டுப்போனது என்று நினைத்து அழித்துவிடும் ஆபத்துகூட உண்டு. அதே எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்டால் எல்லாம் திரும்பி வரும் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஒருவர் வேண்டும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டது, புதிதாக எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்புகள் என்ன பாவம் செய்தன?

இப்போது வந்திருக்கும் ஆபத்துகள்

டிஸ்க் பழுதாவது மட்டும்தான் ஆபத்தா? 2017 மே மாதம் வானாகிரை உலகத்தையே ஆட்டி வைத்தது. அது சி-யோடு நிற்கவில்லை. டி, இ, செருகியிருந்த பென் டிரைவ், நெட்வொர்க் டிரைவ் என்று எழுத்து இருந்த எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து கோப்புகளைப் பூட்டியது.

2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து வேறு ஒரு சங்கதி. புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிறது. சி மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் டி-யும் சேர்த்து. 48 இலக்க மீட்புச் சாவி அந்தக் கணக்கில் இருக்கும். லேப்டாப்பை அமைத்துக் கொடுத்த கடைக்காரர் தன் கணக்கில் நுழைந்திருந்தாலோ, எந்த மெயில் என்பதே மறந்துபோயிருந்தாலோ கதை முடிந்தது. சி-யை ஃபார்மட் செய்த பிறகு டி கண்ணுக்குத் தெரியும், திறக்காது. திருடனுக்காகப் போட்ட பூட்டு வீட்டுக்காரரையே வெளியே நிறுத்திவிடும்.

எஸ்எஸ்டி பழுதானால் பல சமயம் டிக் டிக் சத்தம்கூட வராது. நேற்று இருந்தது, இன்று இல்லை. தவறிப்போய் ஃபார்மட் செய்தாலும் டிரிம் வசதி காலியான இடத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் ரெகவரி மென்பொருள் போட்டுப் பாதியாவது மீட்ட காலம் போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பிரிக்கவே கூடாதா?

பிரிக்கலாம். எதற்குப் பிரிக்கிறோம் என்று தெரிந்து பிரிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் இரண்டே ஜாதி: திரும்பக் கொண்டு வரக்கூடியது, கொண்டு வர முடியாதது. விண்டோஸும் மென்பொருள்களும் முதல் வகை. ப்ராஜெக்ட், ஆய்வேடு, பாட்டியின் போட்டோ இரண்டாம் வகை. கோடு போடுவதென்றால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒன்று போதும். லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் ஹோம் பார்ட்டிஷனைத் தனியாக வைப்பது இந்தக் கணக்கில்தான். சிஸ்டத்தை மறுபடி நிறுவும்போது அது சௌகரியம், மறுப்பதற்கில்லை. ஆனால் 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், சொந்தக் கோப்புகளைத் தொடாமல் விண்டோஸை மட்டும் புதுப்பிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. அந்தச் சௌகரியத்துக்கும் இப்போது அவ்வளவு மவுசு இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. 512 ஜிபி வரை உள்ள டிஸ்க்கைப் பிரிக்காமல் விட்டுவிடலாம். பிரித்தே தீர வேண்டும் என்றால் இரண்டாக மட்டும், சி-க்குத் தாராளமாக இடம் விட்டு.

2. மென்பொருள்கள் எல்லாம் சி-யில், அது கேட்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

3. சொந்தக் கோப்புகள் ஒரே தாய் ஃபோல்டருக்குள். அதற்குள் ஆண்டு, பாடம், வேலை என்று பிரித்துக்கொள்ளலாம். "நியூ ஃபோல்டர் (7)" என்பதெல்லாம் பெயரே இல்லை.

4. பயன்படுத்தும் எழுத்துருக்கள், பிரௌசர் புக்மார்க், டேலி டேட்டா, மீட்புச் சாவி ஆகியவற்றின் நகல் அந்தத் தாய் ஃபோல்டரில் இருக்க வேண்டும். சாவியை மட்டும் காகிதத்திலும் எழுதி வைக்க வேண்டும்.

5. அந்த ஃபோல்டரின் நகல் வேறு ஒரு டிஸ்க்கில். வாரம் ஒருமுறை நகலெடுத்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும், செருகியே இருந்தால் வானாகிரை மாதிரி ஒன்று வரும்போது அதுவும் சேர்ந்து போகும். இன்னொரு நகல் ஊரில் உள்ள வீட்டிலோ கிளவுடிலோ இருந்தால் இன்னும் நல்லது. எப்போதாவது ஒரு கோப்பைத் திறந்து பார்த்து, நகல் நிஜமாகவே திறக்கிறதா என்று சோதிக்கவும் வேண்டும்.

கடைசியாகச் சொன்ன ஐந்தாவதுதான் விஷயமே. மற்ற நான்கையும் மறந்தாலும் பாதகமில்லை. கம்ப்யூட்டர் சென்டர்களில் டிரைவை எப்படிப் பிரிப்பது என்று ஒரு மணி நேரம் பாடம் எடுப்பவர்கள், இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தால் எத்தனை ஆய்வேடுகள் பிழைத்திருக்கும்!

சர்வீஸ் கடையில் நின்ற அந்த மாணவிக்கு இனி இருப்பது ஒரே வழி. டிஸ்க்கை டேட்டா ரெகவரி நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கேட்கிற தொகை புது டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு இருக்கும், கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இருக்காது. அதில் கால்வாசிப் பணத்துக்கு இன்னொரு டிஸ்க் முன்பே வாங்கியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. எல்லோரும் டி-யில் வை என்றுதான் சொன்னார்கள்.